நூற்றிருபது சென்டிமீட்டருக்கு மிகாமல்

ஒரு குடும்பம் விடுமுறைக்குத் தீம் பார்க் போவது சாதாரண விஷயம் அல்ல. சாதாரணமாகப் போய்விட்டு வருகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "கோப்பு இல்லாம போறவங்க, போனாங்கன்றதுக்கு என்ன ஆதாரம்?" என்பார்.

அவர் ஓர் அலுவலகத்தில் செலவின ஒப்புதல் பிரிவின் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு வருட சேவையில் தன் மேசையில் ஒரு காகிதம்கூட இரண்டு ராத்திரி தங்கியதில்லை என்று சொல்லிக்கொள்வார். நாங்கள் சிரித்துக்கொள்வோம். வீட்டுக்கும் ஒரு தேதி முத்திரை சொந்தக் காசில் வாங்கி வைத்திருக்கிறார். அதன் ஊதா மை சட்டையில் பட்டால் மூன்று தடவை துவைத்தாலும் போகாது. துவைக்கிறவள் நான், எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் பக்கத்து வீட்டுக்காரர்தான். இதற்கும் அவர்தான். அந்தத் தீம் பார்க்கில் நுழைவுச் சீட்டு வாங்கினால் நுழையலாம், அவ்வளவுதான். உள்ளே உருப்படியாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் சிறப்பு நிகழ்ச்சிச் சீட்டு. அதை முன்னால் நின்று பார்க்கச் சிறப்புப் பார்வைச் சீட்டு. வரிசையில் நிற்காமல் போக வரிசை விலக்குச் சீட்டு. எல்லாரும் வரிசை விலக்குச் சீட்டு வாங்கிவிட்டதால் இப்போது அந்த வரிசைதான் ரொம்ப நீளம் என்று அவரே பெருமையாகச் சொன்னார். சிறப்புச் சீட்டுக்காரர்களின் மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டையை ஒட்டி அனுப்புவார்கள். அவர் போய்வந்து மூன்று மாதம் ஆகிறது. பட்டை இன்னும் கையிலேயே இருக்கிறது. குளிக்கும்போது அதன்மேல் பிளாஸ்டிக் பை கட்டிக்கொள்கிறார். கடையில் சில்லறை வாங்கவும் அந்தக் கையைத்தான் நீட்டுகிறார்.

அவர் சொன்னதில் மற்ற எல்லாரும் பட்டையைப் பார்த்தார்கள். என் சின்ன மகள் பொடிசு மட்டும் திமிங்கலத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எட்டு வயது. தினமும் மாலை நாலரைக்குத் திமிங்கல ஊர்வலமாம். சக்கரம் வைத்த பெரிய திமிங்கலம், அதன் தலைக்குள் குழந்தைகள் உட்காரலாம். உள்ளே ஒரு கயிறு தொங்கும்.

"கயிறை இழுத்தா தலையிலேர்ந்து தண்ணி பீய்ச்சுமாம்மா. பாக்க நிக்கறவங்க எல்லார் மேலயும் விழுமாம். யாரும் திட்டக் கூடாதாம்!"

வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் சிந்தினாலும் அவள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். அதனால் அவளை இழுத்தது திமிங்கலம் மட்டும் இல்லை, அந்தக் கடைசி வாக்கியமும்தான் என்று எனக்குப் புரிந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. திமிங்கலத்தின் தலை தாழ்வானது. 'உயரம் நூற்றிருபது சென்டிமீட்டருக்கு மிகாதவர் மட்டும்' என்று விதி. நான் தையல்காரி. முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு, இந்த வட்டாரத்துப் பள்ளிச் சீருடைகளில் பாதியை நான்தான் தைக்கிறேன். பொடிசைக் கதவோரம் நிறுத்தி, தலைக்குமேல் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, டேப்பை வைத்துப் பார்த்தேன். நூற்றுப் பத்தொன்பது புள்ளி மூன்று.

"என்னங்க, இன்னும் ஏழு மில்லிமீட்டர்தான் இருக்கு. இவ ஆறு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்றா. சீக்கிரம் போயிட்டு வந்துடணும்" என்றேன்.

அவர் சுற்றுலாக் கோப்புக்கென்று எடுத்து வைத்திருந்த படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல வளர்ச்சிக்குன்னு கட்டம் எதுவும் இல்லையே" என்றார். ஆனாலும் 'பயனாளியின் உயரம் 119.3' என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினார்.

அன்றைக்கே குடும்பச் சுற்றுலா நிதிக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் அவர். உறுப்பினர்கள் நான், கல்லூரியில் படிக்கும் பெரியவள், எங்களோடு தங்கியிருக்கும் என் தம்பி. தம்பி லிஃப்ட் மெக்கானிக். பொடிசு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். பயனாளி குழுவில் இருந்தால் விருப்பு வெறுப்பு வந்துவிடும் என்று அவளைத் திரைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

"திமிங்கலச் சீட்டு எந்தச் செலவுத் தலைப்புல வரும்?" என்று தலைவர் தொடங்கினார்.

"பொழுதுபோக்குதான் அத்தான். வேறென்ன?" என்றான் தம்பி.

"திமிங்கலம் நகருதா, நகரலையா?"

"நகரும். சக்கரம் இருக்குல்ல."

"நகர்ந்தா அது பயணச் செலவு. பயணத்துக்கு ரெண்டாம் வகுப்புக்கு மேல அனுமதி கிடையாது. திமிங்கலத்துல ரெண்டாம் வகுப்பு இருக்கா?"

"வால் பக்கம் இருக்கலாம்பா" என்றாள் பெரியவள், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

"வால் பக்கம். எழுதிக்க."

"கயிறு தலையிலதான் இருக்கு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பயனாளி குறுக்கிடக் கூடாது."

தம்பிதான் வழி கண்டுபிடித்தான். "அத்தான், அது ஒரு சுத்து சுத்திட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துடுது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தா அது எப்படிப் பயணம் ஆகும்?" லிஃப்ட் துறையில் இது பால பாடம். அவர் மகிழ்ந்துபோய் அதைப் பொழுதுபோக்கு என்று மாற்றி எழுதி, அன்று மாலையே கோப்பைத் தம்பியின் மேசைக்கு அனுப்பினார். தம்பிக்கு மேசை கிடையாது. ஸ்பேனர் பெட்டிதான் மேசையாக அறிவிக்கப்பட்டது.

தம்பிக்கு இடப்பட்ட பணி மூன்று விலைப்புள்ளி வாங்குவது. மூன்று இடத்தில் விலை கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது. திமிங்கல ஊர்வலம் நடத்துவது உலகத்திலேயே ஒரே இடம்தான் என்றால் அது உலகத்தின் குறை, விதியின் குறை அல்ல. கோப்பு ஸ்பேனர் பெட்டியில் பதினாறு நாள் கிடந்தது. பிறகு கிரீஸ் வாசனையோடு வெளியே வந்தது.

"முதல் விலை தீம் பார்க்கோடது. ரெண்டாவது, கடை திறப்பு விழாவுக்கு வேன் ஜோடிக்கிறவர். வேனுக்குக் காது வெச்சுத் திமிங்கலம்னு ஓட்டறேன்றார். திமிங்கலத்துக்கு ஏதுய்யா காதுன்னு கேட்டேன். காதுக்குத் தனியா காசு வாங்க மாட்டேன், இருந்துட்டுப் போகட்டும்ன்றார்."

"மூணாவது?"

"தண்ணி லாரிக்காரர். அவர் வண்டியிலயும் பின்னால ஒரு கயிறு இருக்கு. இழுத்தா தண்ணி வரும். இருக்கறதுலயே மலிவு."

என் வீட்டுக்காரர் முகம் மாறியது. மலிவான விலையைத்தான் ஏற்க வேண்டும் என்பது விதி. திரை லேசாக ஆடியது. நிராகரிக்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். 'தண்ணீர் லாரி கடந்து செல்கையில் பொதுமக்கள் கைதட்டும் வழக்கம் இதுவரை பதிவாகவில்லை' என்று பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தார். அந்த மனுஷனுக்கும் உள்ளுக்குள் ஈரம் இருக்கிறது, அது படிவத்தின் வழியாகத்தான் கசியும். உடனே முத்திரை குத்திக் கோப்பை என் தையல் மிஷின்மேல் வைத்தார்.

இங்கே நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கோப்பில் உறுப்பினர் பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'இல்லத்தரசி' என்று இருந்தது. பத்தொன்பது வருடமாக மிஷினை மிதித்து மிதித்து என் முட்டி தேய்ந்துபோயிருக்கிறது. இந்த வீட்டு அரிசியில் பாதி என் ஊசி முனையிலிருந்து வருகிறது. நான் சும்மா விடுவேனா? 'உறுப்பினரின் தொழில் தவறாகக் குறிப்பிடப்பட்டுள்ளது' என்று எழுதி, கோப்பைத் துணிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"குடு, இப்பவே திருத்தித் தர்றேன்" என்று அவர் அன்று மாலையே வந்து கேட்டார்.

"அவ்வளவு சுலபமா? பத்தொன்பது வருஷம் கண்ணுக்குத் தெரியலை. கொஞ்ச நாள் யோசிங்க" என்றேன்.

பதின்மூன்று நாள் யோசிக்க விட்டேன். பொடிசு தினமும் காலையில் வந்து கதவோரக் கோட்டின் கீழ் நிற்பாள். "அம்மா, அளந்து பாரேன்" என்பாள். "போடி, காஜா எடுக்கணும், கை வேலையா இருக்கு" என்று துரத்துவேன். அவள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள். குடித்தால் வளர்ந்துவிடுவாளாம். வளர்ற பிள்ளை குடிக்காமல் இருந்தால் எப்படி என்று நான்தான் மிரட்டிக் குடிக்க வைத்தேன். ஒருநாள் கோப்பின்மேல் சிவப்புத் தாளில் 'அவசரம்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். அப்படி எழுதும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு மட்டுமே என்று அவர் அதைப் பிய்த்தார். பதினான்காம் நாள் 'தையல் கலைஞர்' என்று திருத்தம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். நியாயம் என் பக்கம் இருந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு கோப்பு பெரியவளின் கட்டிலுக்குப் போனது. அவளுக்கு ஒப்படைத்தது சீருடை. ஒரே மாதிரிச் சட்டை போடாமல் குடும்பமாகத் தீம் பார்க் போவது இப்போது பழங்கால வழக்கமாம். "துணி எடுத்துக் குடு, ஒரே நாள்ல தச்சுத் தர்றேன்" என்றேன். "தச்சா வீட்ல தச்ச மாதிரி இருக்கும்மா" என்றாள். வீட்டில் தைத்தது வேறு எப்படி இருக்கும்? மஞ்சளா, இளமஞ்சளா, கடுகு மஞ்சளா என்று முடிவெடுக்க அவளுக்குப் பதினோரு நாள் ஆனது. அவளுடைய தோழிகள் இருபத்து மூன்று பேர் வாக்களித்து மஞ்சள் வென்றது. நெஞ்சில் 'நினைவுகளைச் சேகரிக்கும் குடும்பம்' என்று அச்சடித்து வந்தது.

ஒப்புதல் கிடைத்த அன்றே அவர் சீட்டுப் பதிவு செய்தார். பொடிசுக்குத் திமிங்கலச் சீட்டு, எங்கள் நாலு பேருக்கும் சிறப்புப் பார்வைச் சீட்டு. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் இடம் இருந்தது. கிளம்புகிற காலையில் நான் டேப்பை எடுத்தபோது அவர் தடுத்தார். "எதுக்கு? கோப்புல நூத்திப் பத்தொன்பது புள்ளி மூணுன்னு இருக்கு. நீயே கையெழுத்துப் போட்டிருக்க." பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது.

திமிங்கலத்தின் வாயருகே மாலுமித் தொப்பி போட்ட ஒரு பெண் அளவுகோலோடு நின்றாள். பொடிசு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் சிரித்தபடியே அவள் தாடையைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"நூத்தியிருபது புள்ளி ரெண்டு. ஸாரி சார், அனுமதி இல்ல."

அவர் கோப்பை நீட்டினார். "பாருங்க, சான்றளிக்கப்பட்ட உயரம். கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு."

"சார், ஃபைல் ஏறி உக்காரும்னா ஏத்திக்கறேன். உக்காரப்போறது பாப்பாதானே?"

"ரெண்டு மில்லிமீட்டர்ம்மா. தலைமுடியே அவ்வளவு இருக்கும்" என்றேன் நான். முடியை அமுக்கித்தான் அளந்தாள் என்பதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவள் தன் மேலாளரைக் கூப்பிட்டாள். மேலாளர் மரியாதையாக ஒரு படிவம் கொடுத்தார். "மேல்முறையீடு செய்யலாம் சார். இருபத்தோரு நாள்ல முடிவு சொல்லிடுவோம். அதுவரைக்கும் குழந்தையோட உயரம் இதே நிலையில இருக்கணும்."

நான் அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நாலு நகல் கேக்கறாங்க! நம்ம ஆபீஸ்ல மூணுதான்" என்று என் காதருகே சொன்னார். அவர் குரலில் பக்தி இருந்தது.

பொடிசு அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் திமிங்கலத்தின் வாய்க்குள் தொங்கிய கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பணம் திரும்பக் கிடைக்குமா என்று தம்பி கேட்டான், கிடைக்காது என்றார்கள். உயரமும் திரும்பக் கிடைக்காது. அதை யாரும் சொல்லவில்லை.

"ஒதுக்கீடு வீணாகக் கூடாது. தகுதியுள்ள வேற பயனாளிய ஏத்தலாமா?" என்று அவர் கேட்டார். ஏற்றலாம் என்றார் மேலாளர். விதியில் இடம் இருந்தது.

பக்கத்தில் ஒரு மனிதர் முன்பல் விழுந்த சின்னப் பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். சீட்டுத் தீர்ந்துவிட்டது என்று அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப பதிவு பண்ணீங்க?" என்று என் வீட்டுக்காரர் விசாரித்தார்.

"பதிவெல்லாம் பண்ணலைங்க. காலையில பல்லு தேய்க்கும்போது தோணுச்சு, கிளம்பி வந்துட்டோம்."

அவர் அந்த மனிதரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பற்றுச்சீட்டில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு திமிங்கலச் சீட்டைக் கொடுத்தார். பொடிசு அந்தக் குழந்தையிடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள். குழந்தை பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்துத் தலையாட்டியது. பொடிசு தன் மஞ்சள் சட்டையைக் கழற்றி என் பையில் திணித்தாள். உள்ளே நான் தைத்த பழைய கவுன்தான். நேராகப் போய் ஐஸ்கிரீம் வண்டிக் குடையின் கீழ் நின்றுகொண்டாள்.

நாங்கள் நாலு பேரும் முன்வரிசையில் நின்றோம். நாலு மஞ்சள், நாலு நீலப் பட்டை. சிறப்புப் பார்வைச் சீட்டுக்கு மேளச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது, மற்றபடி எல்லாருக்கும் தெரிகிற திமிங்கலம்தான். எங்களுக்கு நேரெதிரே வந்ததும் உள்ளேயிருந்து ஒரு சின்ன விரல் எங்களைக் காட்டியது.

"மஞ்சச் சட்டை!"

அப்புறம் கயிறு. ஒரு தடவை இல்லை, அந்தக் குழந்தை தொங்கியே தொங்கிவிட்டது. பெரியவளின் செல்போன், தம்பியின் தலைமுடி, என் பை, அவர் மார்போடு அணைத்திருந்த கோப்பு, எல்லாம் தொப்பல். கூட்டம் கைதட்டியது. யாரும் திட்டக் கூடாது என்பது விதி, அதனால் நாங்கள் புன்னகைத்தோம். ஐஸ்கிரீம் குடையின் கீழ் பொடிசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒன்றரை மாதத்துக்கு மேலாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் வெயில் இன்னும் இருந்தது. உலர்ந்த உடம்போடு இருந்தது பொடிசு ஒருத்திதான். அதனால் கோப்பைக் காயவைக்கும் வேலை அவளுக்கு வந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து ஜன்னல் காற்றில் பிடித்தாள். பேனாவில் எழுதியதெல்லாம் கரைந்துபோயிருந்தது. விலைப்புள்ளி போயிற்று, மஞ்சள் போயிற்று, என் 'தையல் கலைஞர்' திருத்தமும் போயிற்று. ஊதா முத்திரைகள் மட்டும் அப்படியே இருந்தன. எந்த மேசைக்கு எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் போனது என்பது மட்டும்.

நான் தம்பியிடம் சத்தமாகவே சொன்னேன். "எல்லாம் உங்க அத்தானோட கோப்பால வந்த வினை. இவர்கிட்ட மாட்டினா குழந்தை கிழவியே ஆயிடும்."

"அப்பாகிட்ட மொத்தமே ரெண்டு நாள்தாம்மா இருந்திருக்கு" என்றாள் பொடிசு, தாளைப் பார்த்தபடியே.

"என்ன?"

"மாமாகிட்ட பதினாறு. அக்காகிட்ட பதினொண்ணு. உன்கிட்ட பதிமூணு." அவள் குரலில் கோபம் இல்லை, வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெரியவள் அணைந்துபோன செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆறு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டு நாள். வளர்கிற பிள்ளைக்கு மடிப்பு விட்டுத் தைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானே முதலில் சண்டை போட்டிருப்பேன்.

வீடு வந்து துண்டால் தலை துவட்டியதும் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கோப்பின் முடிப்பு அறிக்கையை எழுதினார். 'திமிங்கல ஊர்வலச் சிறப்புச் சீட்டுக்கான ஒதுக்கீடு முழுமையாகப் பயன்படுத்தப்பட்டது. நோக்கம் நிறைவேறியது.' கீழே நாலு கையெழுத்துக்கு இடம் விட்டார்.

தம்பி நின்றபடியே போட்டான். பெரியவள் படிக்காமலே போட்டாள். என்னிடம் வந்தது. என் பெயருக்கு எதிரே பழைய ஞாபகத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தார்.

கதவோரம் பொடிசு நின்றிருந்தாள். தலைக்குக் கீழே இறங்கிவிட்ட பழைய சாக்பீஸ் கோட்டை விரலால் அழித்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை நான் திருத்தம் கேட்கவில்லை. நீலப் பட்டை தாளில் உரச, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் அந்த ஒரு காகிதம்தான் நாலு மேசையையும் ஐந்தே நிமிடத்தில் கடந்தது.